மறக்காத அட்டை

ஆபிதாக்கா பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாள். பொடி இறங்கவில்லை. அடியில் கட்டியாக அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. விரலால் ரெண்டு தட்டு தட்டினாள். ஓரத்திலிருந்து கொஞ்சம் உதிர்ந்தது, அவ்வளவுதான். “இத பாருங்க கெமிஸ்டம்மா, இது ஏன் இப்படி இருக்கி?” என்றாள். காலை ஒன்பதரை இருக்கும். மூன்று நாள் மழைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் வெயில் எட்டிப் பார்த்திருந்தது. நான் அப்போதுதான் பையை ஆணியில் மாட்டிவிட்டு, குடையை விரித்து மூலையில் காயவைத்திருந்தேன். பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். லேபிளில் பேட்ச் நம்பர் இருபத்தேழு. பக்கத்தில் நெல்லையப்பர் கோயில் யானை நின்று என் காலை மிதித்திருந்தாலும் அந்த நிமிஷம் தெரிந்திருக்காது. இருபத்தேழுக்குக் கையெழுத்துப் போட்டது நான்.

எங்கள் கம்பெனி பேட்டை தொழிற்பேட்டைக்குள் கடைசிக் கட்டடம். இருபத்திரண்டு பேர் வேலை பார்க்கிறோம். பிள்ளைகளுக்குச் சளி, நெஞ்சுக்கட்டு, காதுவலி என்றால் டாக்டர்கள் எழுதிக்கொடுக்கிற ஆன்டிபயாடிக் மருந்துதான் எங்கள் சரக்கு. மருந்துப்பொடியைச் சீனியோடும் ஆரஞ்சு வாசனையோடும் கலந்து டிரம்களில் கட்டி வைப்போம். அதிலிருந்து சின்னப் பாட்டில்களில் நிரப்புவோம். வாங்குகிறவர்கள் வீட்டில் கொதித்து ஆறின தண்ணீரைக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்கிக் கொடுப்பார்கள். தண்ணீர் படாதவரை அந்தப் பொடிக்கு ரெண்டு வருஷம் ஆயுள், பட்டால் ஏழே நாள். பாட்டிலுக்குள் போகும் முன்பே, டிரம்மில் இருக்கும்போதே, மழைக்காற்று உள்ளே போய்விட்டால் அது எத்தனை நாள் மருந்தாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளை சப்புக்கொட்டிக் குடிக்கும். ஆரஞ்சு வாசனை மட்டும் போகாது.

நான் அங்கே கெமிஸ்ட். பெயர் சித்ரலேகா. படித்தது எம்.எஸ்ஸி., ஆனால் எனக்குக் கூடவே பிறந்தது பயம். பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வந்து சேர்ந்த பிறகும் டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பேன், யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று. என் தங்கை சிரிப்பாள். “ஏட்டி, வீட்டுக்குள்ள செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்து ஒளிஞ்சிருக்கானா?” என்பாள். இப்படிப் பயந்த ஆள் மருந்துக் கம்பெனிக்கு நல்லது என்று எங்கள் முதலாளி ஆவுடைநாயகம் அண்ணாச்சி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பயத்தில் ரெண்டு ஜாதி உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. ஒன்று, தப்பு நடந்துவிடக்கூடாதே என்கிற பயம். இன்னொன்று, நடந்த தப்பு வெளியே தெரிந்துவிடக்கூடாதே என்கிற பயம். என்னிடம் இருந்தது பெரும்பாலும் ரெண்டாவது.

ஆடி மாசம் எலியேசர் வந்தார். தூத்துக்குடிக்காரர், மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்கு விற்பனைப் பிரதிநிதி, ஸ்கூட்டரில் வந்து வெள்ளைச் சட்டையெல்லாம் புழுதியாக நிற்பார். டிரம்முக்குள் போட்டு வைக்கிற ஈரம் காட்டும் அட்டைகளைக் கொண்டுவந்திருந்தார். மேஜைமேல் சீட்டு விளையாடுகிற மாதிரி பரத்தினார். ஒரு அட்டையில் மூன்று வட்டம், முப்பது, நாற்பது, ஐம்பது என்று ஈரத்தின் சதவீதம் போட்டிருந்தது. காற்று காய்ந்திருந்தால் வட்டம் நீலம், ஈரம் ஏற ஏற முப்பதிலிருந்து ஒவ்வொன்றாக ரோஸ் நிறமாகும். மறுபடி காய்ந்தால் மறுபடி நீலம். இன்னொரு அட்டையும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். ஆனால் அதில் ஒருமுறை ஈரம் பட்டுவிட்டால் வட்டத்தின் சாயம் கரைந்து வெளியே பரவி நின்றுவிடும். அப்புறம் எவ்வளவு காய்ந்தாலும் அந்தக் கறை போகாது.

“மொதல்ல உள்ளது இப்ப என்ன நெலமன்னு சொல்லும். இது நடந்தத சொல்லும். இது மறக்காதும்மா” என்றார் எலியேசர். “ரெண்டையும் சேத்துப் போட்டாத்தான் உங்களுக்கு நிம்மதி. ஒண்ணுதான்னா நான் இந்த மறக்காததத்தான் சொல்லுவேன். விக்கிறதுக்காகச் சொல்லல.”

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். “நமக்கு எதும்மா சரியா வரும்? நீ சொல்லுதத வாங்குவோம்” என்றார். நான் அந்த மறக்காத அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு டிரம்மின் மூடியைச் சரியாக இறுக்காமல் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் வந்து பார்த்துப் பதறி, சோதித்து, நல்லவேளை பொடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் சத்தமில்லாமல் இறுக்கிவிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது. இந்த அட்டை அன்றைக்கு உள்ளே இருந்திருந்தால் கறை விழுந்திருக்கும். அண்ணாச்சி எடுத்துப் பார்த்து, இது என்னம்மா என்று கேட்டிருப்பார். அதை நினைத்தபோதே என் கழுத்து வேர்த்தது. “மொதல்ல காட்டுன மூணு வட்டமே போதும் அண்ணாச்சி. திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கிடலாம்” என்றேன். எலியேசர் மற்றதை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆபிதாக்கா பேக்கிங் பகுதிக்குப் பொறுப்பு. மேலப்பாளையத்திலிருந்து வருகிறாள். அவள் மாப்பிள்ளை சவுதியில் இருக்கிறார். மூன்று பையன்களுக்கு அப்புறம் தவம் கிடந்து பெற்ற மாதிரி ஒரு பெண், நஸீமா, மூன்று வயது. வேலையில் ஆபிதாக்காவைப் போல ஒருத்தி கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்வாள், சொல்லாததையும் யோசித்துச் செய்வாள். டிரம்களுக்குள் ஈரம் உறிஞ்சுவதற்கு சிலிக்கா பொட்டலம் போடுவோம். அந்த மணிகளும் காய்ந்தால் நீலம், ஈரம் குடித்தால் ரோஸ். ரோஸானதை மின்சார அடுப்பில் வைத்துக் காயவைத்தால் மறுபடி நீலமாகி வேலைக்கு ஆகும். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். முதல்தடவை மணிகள் தட்டில் நிறம் மாறினதைப் பார்த்துவிட்டு, “யா அல்லா, உயிர் வந்துட்டுல்ல!” என்று கைதட்டினாள். அன்றிலிருந்து ரோஸ் என்றால் அவளுக்குக் காயவைக்க வேண்டிய சாமான்.

ஐப்பசியில் எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம், கல்யாணம் தையில் என்று பேச்சு. நாலு நாள் லீவு எடுத்தேன். அந்த நாலு நாளும் மழை. கால்வாய் கரை தட்டி ஓடியதாகவும், கரண்ட் போய்ப் போய் வந்ததாகவும், ஈரம் இழுக்கிற மிஷின் பாதி நேரம் ஓடவில்லை என்றும் திரும்பி வந்ததும் சொன்னார்கள். நான் முதல் வேலையாக இருபத்தேழாம் பேட்ச் இருந்த ஐந்து டிரம்களின் அட்டைகளையும் எடுத்துப் பார்த்தேன். பதினைந்து வட்டங்களும் நீலம். புது மயில்கழுத்துச் சேலை மாதிரி பளிச்சென்று நீலம். அப்பாடா என்று இருந்தது. ஐந்து டிரம்மிலும் மாதிரி எடுத்துச் சோதிப்பதுதான் முறை. அட்டைதான் நீலமாக இருக்கிறதே என்று முதல் டிரம்மில் மட்டும் எடுத்தேன். அது நன்றாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பேட்ச் இருபத்தேழு கோவில்பட்டி, தென்காசி, நாகர்கோவில் என்று கடைகளுக்குப் போனது. வழக்கப்படி வேலை செய்கிறவர்களுக்கும் ஆளுக்கு ரெண்டு பாட்டில் கொடுத்தோம்.

“எத்தனை பாட்டில் இப்படி இருக்கு?” என்று ஆபிதாக்காவிடம் கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

“எங்கிட்ட உள்ளது ரெண்டுதான. ஒண்ணுதான் புள்ளைக்குக் குடுத்துக்கிட்டிருக்கேன். அது தண்ணி ஊத்துனதுனால தெரியல. இன்னிக்கு அது முடியப்போவுதேன்னு இத எடுத்தேன், பாத்தா கட்டியா நிக்கி.”

“யாருக்கு? நஸீமாவுக்கா?”

“ஆமா. நாலு நாளா காய்ச்சலும் நெஞ்சுச்சளியும். டாக்டரு இதே மருந்துதான் எழுதுனாவ. நம்ம கம்பெனி மருந்துதான வீட்ல கெடக்குன்னு அதையே குடுத்தேன். எறங்க மாட்டேங்கு. ராவெல்லாம் உஸ்ஸு உஸ்ஸுன்னு மூச்சு வாங்குதா. எங்க நாத்தனா பாத்துக்கிடுதா, மத்தியானம் போயிப் பாக்கணும்.”

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் மனசு ஒரு பக்கம் வழி தேடிக்கொண்டே இருந்தது. பாட்டில் மூடி சரியில்லாமல் இருக்கலாம். அவள் வீட்டில் ஈரத்தில் வைத்திருக்கலாம். டிரம்மில் ஒன்றும் ஆகியிருக்காது, அட்டை நீலமாகத்தானே இருந்தது. “அக்கா, நான் லீவுல இருக்கும்போது அட்டையெல்லாம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன். நீலம் என்று சொல்லிவிடு, நீலம் என்று சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

“அதையேன் கேக்கிய! தொறந்து பாத்தா எல்லாம் ரோஸு. ஒரு டிரம்முதான் நல்லா இருந்துச்சு. மத்ததெல்லாம் மூணு வட்டமும் ரோஸு. சிலிக்கா மணியும் ரோஸு. நீங்க வந்து பாத்தா வருத்தப்படுவியன்னு எல்லாத்தையும் ஒண்ணா அடுப்புல வச்சுப் பையப் பைய காயவச்சு, நீலமாக்கித் திருப்பிப் போட்டுட்டேன்.” அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நாலு நாள் நான் இல்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொண்டோமே என்கிற பெருமை.

அட்டை பொடியைக் காயவைக்காது அக்கா. அட்டை சாட்சி. சாட்சியை அடுப்பில் வைத்துத் துடைத்துவிட்டாய். இப்படி ஒரு வார்த்தை நான் அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவேன்? சிலிக்காவைக் காயவை என்று சொல்லிக்கொடுத்த நான், அட்டையைத் தொடாதே என்று ஒரு நாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. ரெண்டும் ஒரே நீலம், ஒரே ரோஸ். அவளுக்கு எப்படித் தெரியும்? மறக்காத அட்டையை வாங்கியிருந்தால் அவள் காயவைத்தாலும் கறை நின்றிருக்கும். நானும் முதல் பார்வையிலேயே டிரம்களை ஒதுக்கியிருப்பேன். நாலு டிரம்மின் பொடி. எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளை இந்நேரம் அதை ஸ்பூனில் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் எனக்குத் தெரிந்த ஒரே முகம், போன பெருநாளைக்குப் பச்சைப் பாவாடை போட்டுக் கம்பெனிக்கு வந்து, என் மேஜைக்கு அடியில் ஒளிந்து விளையாடின நஸீமாவின் முகம்தான்.

“மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்ள போகுதா அக்கா?”

“போகுதே. ஏன் கெமிஸ்டம்மா?”

“இப்பமே வீட்டுக்குப் போங்க. புள்ளையத் தூக்கிக்கிட்டு நேரா ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. ஆட்டோவுல போங்க, பஸ்ஸுக்கு நிக்காதீங்க.”

“இருபத்தெட்டாம் பேட்ச் பேக்கிங் கெடக்கே...”

“போங்கக்கா!” என்று கத்திவிட்டேன். நான் அவளிடம் கத்தினது அதுதான் முதல்தடவை. அவள் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது, என் கைதான் ஐஸ் மாதிரி இருந்தது. “அட்டைய காயவச்சது தப்பாம்மா?” என்று பைய கேட்டாள்.

“இல்லக்கா. நீங்க போங்க.”

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் ஒன்று உறைத்தது. இவள் ஆஸ்பத்திரியில் போய், நாலு நாளாக ஆன்டிபயாடிக் கொடுக்கிறோம் என்றுதான் சொல்லுவாள். டாக்டர் அதை நம்பி, இந்த மருந்து கேட்கவில்லை போலிருக்கிறது என்று வேறு எங்கேயாவது யோசிப்பார். பிள்ளைக்கு இதுவரைக்கும் மருந்தே போகவில்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும். ஓடிப்போய் அவளை நிறுத்தினேன். லெட்டர்ஹெட் ஒன்றைக் கிழித்து இங்கிலீஷில் எழுதினேன். இந்தக் குழந்தைக்குக் கொடுக்கப்பட்ட மருந்து ஈரத்தால் வீரியம் இழந்தது, மருந்து எதுவும் கொடுக்கப்படாததாகவே கருதிச் சிகிச்சை செய்யவும். கீழே கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனா நின்றது. போட்டால் அது நான் கொடுத்த வாக்குமூலம். மருந்து இன்ஸ்பெக்டர், கோர்ட், அம்பாசமுத்திரத்து மாமியார் முகம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆபிதாக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட்டு, பேரையும் எழுதி, மடித்து அவள் கையில் திணித்தேன். “டாக்டர்ட்ட இதத்தான் மொதல்ல குடுக்கணும். புள்ளையச் சேத்ததும் எதுத்தாப்ல ஃபோன் பூத்துலயிருந்து இங்க ஒரு ஃபோன் போடுங்க” என்றேன். பர்தாவை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் சேற்றில் ஓடினாள். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

அண்ணாச்சி அறைக்கு ஐந்து அட்டைகளையும் கட்டிப்போன பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் மழைக்குக் காது அடைத்திருக்கிறது என்று மப்ளர் கட்டிக்கொண்டு மேஜை விளக்கடியில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே மப்ளரை அவிழ்த்துவிட்டார். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கில் காட்டிப் பார்த்தார்.

“ஏ பிள்ள, என்ன சொல்லுதே நீ? எல்லாம் நீலமாத்தான இருக்கு.”

அவருடைய தண்ணீர் டம்ளரில் என் கட்டைவிரலை நனைத்து, ஒரு அட்டையின் கடைசி வட்டத்தில் வைத்து அழுத்தினேன். எடுத்தபோது வட்டம் ரோஸாகிக்கொண்டிருந்தது. அதை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தேன். ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஓரத்திலிருந்து உள்ளே பார்த்து நிறம் மாறிக்கொண்டே வந்து, கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி நீலமாகிவிட்டது. அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். அவர் நெற்றியில் விபூதிக்கு மேலே வேர்வை துளிர்த்திருந்தது. அந்த ஆள் பயந்து நான் பார்த்ததில்லை. அவர் பயந்ததைப் பார்த்ததும் என் பயம் ரெண்டு பங்காகியது.

கதவைச் சாத்தச் சொன்னார். குரலை இறக்கிக்கொண்டார். “காயவச்சது ஆபிதாதான? யார் சொல்லி வச்சா? அவட்ட ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிருவோம். நீ லீவுல இருந்தே, ஒனக்கு ஒண்ணும் தெரியாது. தையில கல்யாணத்த வச்சிக்கிட்டு எதுக்கு நீ தலைல அள்ளிப் போட்டுக்கிடுதே?”

பொய் சொல்லமாட்டேன், அந்த நிமிஷம் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. வெயில் காலத்தில் பானைத் தண்ணீர் தொண்டையில் இறங்கின மாதிரி இருந்தது. ஆமாம், காயவைத்தது அவள்தானே. நான் காயவைக்கச் சொல்லவில்லையே. அந்த எண்ணம் அவ்வளவு வசதியாக, அவ்வளவு லேசாக வந்து உட்கார்ந்தது. என் கையில் இருந்த அட்டையைப் பார்த்தேன். அது முழு நீலமாக, சுத்தமாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

“அவங்களுக்குச் சொல்லிக்குடுத்தது நான் அண்ணாச்சி. அஞ்சு டிரம்முக்கு ஒரு டிரம்ம மட்டும் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டதும் நான். எலியேசர் அண்ணன் மறக்காத அட்டையத்தான் வாங்கச் சொன்னாரு. வேண்டாம்னு சொன்னதும் நான்தான்.”

“ஏன் வேண்டாம்னே?”

“பயத்துல. என் தப்பு ஏதாவது அதுல நின்னுருமோன்னு பயம்.”

வெளியே பேக்கிங்கில் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. “ஆபிதா புள்ளைக்கு என்ன வயசு?” என்று கேட்டார். மூன்று என்றேன். “டாக்டருக்கு எழுதிக் குடுத்துட்டேன், கையெழுத்துப் போட்டு” என்றும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “போட்டுட்டியா” என்று மட்டும் சொன்னார். மேஜை இழுப்பறையைத் திறந்து கடைக்காரர்களின் நம்பர் எழுதின நோட்டை எடுத்தார். ஃபோனைத் தன் பக்கம் இழுத்தார். முதலில் கோவில்பட்டி.

“யாரு, காஜா முகைதீன் அண்ணாச்சியா? ஆவுடைநாயகம் பேசுதேன். இருபத்தேழாம் நம்பர் பாட்டில் ஒண்ணுகூட விக்காதீயும். வித்தது யார் யார்னு தெரியுமா ஒமக்கு? தெரிஞ்சா வீட்டுக்கே ஆள் அனுப்பும். ஆமா வே, புள்ளைக விஷயம். மருந்து இல்ல அது. காரணம் பொறவு சொல்லுதேன்.”

வைத்தார். அடுத்த நம்பரைச் சுழற்றினார். கிடைக்கவில்லை, மறுபடி சுழற்றினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, கம்பெனிக்கு இருப்பது இந்த ஒரே ஒரு ஃபோன். ஆபிதாக்கா பூத்தில் நின்று நம்பரைப் போட்டால் எங்கேஜ்தான் கேட்கும். பூத்துக்காரன், அப்புறம் வாங்கம்மா என்பான். அவள் வார்டுக்கு ஓடி, திரும்ப வந்து மறுபடி போடுவாள். நல்ல சேதி சொல்லப் போடுவாளா, வேறு எதையாவது சொல்லப் போடுவாளா? தென்காசி கிடைத்தது. அங்கே பதினெட்டு பாட்டில் விற்றாகிவிட்டது என்றார்கள். அண்ணாச்சி கண்ணை மூடித் திறந்தார். ஒவ்வொரு தடவையும் ரிசீவரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தார். நாங்கள் ரெண்டு பேரும் ஃபோனையே பார்த்தோம். அது அடிக்கவில்லை. அவர் அடுத்த நம்பருக்கு விரலை வைத்தார்.

மேஜை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் சூட்டில் காய்ந்த அட்டை இன்னும் என் கையில் நீலமாகவே இருந்தது. நான் டம்ளரில் கட்டைவிரலை நனைத்து வட்டத்தின்மேல் வைத்தேன். வட்டம் ரோஸானது. சூட்டில் ஓரம் மறுபடி நீலமாகப் பார்த்தது. அந்த ரோஸ் போய்விடாதபடி திரும்பவும் நனைத்தேன். நாகர்கோவிலில் ஃபோன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டம்ளரைச் சுற்றி மேஜையெல்லாம் ஈரமாகிவிட்டது. நான் விரலை எடுக்கவில்லை.